நெரிசலில் கரையும் பெட்ரோல்: ஆலுவா முதல் மட்டாஞ்சேரி வரை ஒரு சிக்கனப் பயணம்

காலை ஏழே முக்கால் மணி. ஆலுவாவில் பெரியாற்றின் மீது 1940இல் திறக்கப்பட்ட மார்த்தாண்ட வர்மா பாலத்தைக் கடந்து வரும் வாகனங்கள், புறவழிச் சந்திப்பை நெருங்கும்போதே ஒன்றன்பின் ஒன்றாகத் தேங்கத் தொடங்குகின்றன. சேலத்தில் புறப்பட்டுக் கோயம்புத்தூர், பாலக்காடு, திருச்சூர் வழியாக வரும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் கடைசிப் பகுதி இது. இங்கிருந்து களமசேரியைக் கடந்து இடப்பள்ளியை அடைந்தால், மகாராஷ்டிரத்தின் பன்வேலிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் 66ஆம் எண் நெடுஞ்சாலை குறுக்கிடும். சேலத்திலிருந்து வரும் சரக்கு லாரியும், குமரிக்குச் செல்லும் பேருந்தும், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு அலுவலகம் விரையும் குடும்பத்தலைவியின் ஸ்கூட்டரும் ஒரே சந்திப்பில் ஒருவர் நகர ஒருவர் காத்து நிற்கும் இடம் அது.

அதற்கப்பாலும் பயணம் முடிவதில்லை. பாலாரிவட்டம், கலூர், மகாத்மா காந்தி சாலை, தேவரா, வில்லிங்டன் தீவு, தோப்பும்படி என்று கடந்தால்தான் மட்டாஞ்சேரியின் மிளகு மணமும் ஏலக்காய் மணமும் கமழும் பழைய கடைத்தெருக்களை அடைய முடியும். ஒரு வழிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். காலையிலும் மாலையிலுமாக 60 கிலோமீட்டர். இந்தத் தொலைவில் வண்டி ஓடும் நேரம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஊர்ந்தும் நின்றும் கழிகிறது என்பதை நாள்தோறும் சென்று வருவோர் அறிவர்.

சாலையை அகலப்படுத்துவதோ, சிக்னலின் நேரத்தை மாற்றுவதோ நம் கையில் இல்லை. பெட்ரோலின் விலையும் நம் கையில் இல்லை. ஆனால், வலது பாதத்தின் அழுத்தம் முழுக்க நம் கையில், அல்லது நம் காலில், இருக்கிறது. அந்தப் பாதத்தைச் சற்றே பழக்கினால் மாதச் செலவில் எவ்வளவு மிச்சமாகும், அந்த மிச்சம் என்னவாக வளரும் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

மாதக் கணக்கு

முதலில் ஓர் எடுத்துக்காட்டு. மாதத்தில் 24 வேலை நாட்கள். நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர். ஆக மாதம் 1,440 கிலோமீட்டர். நெரிசலில் ஒரு சிறிய பெட்ரோல் கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தருவதாகவும், பெட்ரோல் லிட்டர் 105 ரூபாய் என்றும் கொள்வோம். மாதம் 120 லிட்டர். செலவு 12,600 ரூபாய்.

அதே கார், அதே சாலை, அதே நெரிசல். ஓட்டும் முறை மட்டும் மாறி லிட்டருக்கு 13.5 கிலோமீட்டர் கிடைத்தால், தேவைப்படும் பெட்ரோல் 107 லிட்டருக்கும் சற்றுக் குறைவு. செலவு 11,200 ரூபாய். மிச்சம் மாதம் 1,400 ரூபாய். ஆண்டுக்கு 16,800 ரூபாய். ஒரு குழந்தையின் பாடப்புத்தகம், சீருடை, பை ஆகியவற்றை வாங்கியபின்னும் மீதம் நிற்கக்கூடிய தொகை.

லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைப்பது பேராசையான எதிர்பார்ப்பா? இல்லை. அமெரிக்க எரிசக்தித் துறை வெளியிட்டுள்ள வழிகாட்டுதலின்படி, நின்று நின்று செல்லும் நகர நெரிசலில் ஆவேசமாக ஓட்டுவதால் மட்டுமே வண்டியின் மைலேஜ் 10 முதல் 40 சதவீதம் வரை குறையக்கூடும். நாம் மேலே எடுத்துக்கொண்ட முன்னேற்றம் அந்த வரம்பின் கீழ்ப்பகுதியைச் சேர்ந்தது.

பெட்ரோல் எங்கே போகிறது?

ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியுள்ள ஆற்றல் சுமார் 32 மெகாஜூல். அதில் பெரும்பகுதி எஞ்சினின் வெப்பமாகவும் புகையாகவும் வெளியேறிவிடுகிறது. சக்கரத்தைச் சென்றடைவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, அதாவது 8 மெகாஜூல் எனக் கொள்வோம்.

இப்போது 1,000 கிலோ எடையுள்ள ஒரு கார், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது. அந்த வேகத்தில் அது பெறும் இயக்க ஆற்றல் சுமார் 96 கிலோஜூல். இதற்குச் செலவாகும் பெட்ரோல் ஏறத்தாழ 12 மில்லி லிட்டர். விலை ஒன்றேகால் ரூபாய். அடுத்த நூறு மீட்டரில் சிவப்பு விளக்கைக் கண்டு பிரேக்கை அழுத்துகிறோம். ஒன்றேகால் ரூபாய்க்கு வாங்கிய வேகம் முழுவதும் பிரேக்கில் சூடாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. பச்சை விளக்கு எரிந்ததும் மறுபடியும் ஒன்றேகால் ரூபாய்.

ஒரு நாளில் இவ்வாறு 50 முறை நிகழ்ந்தால் 63 ரூபாய். மாதத்திற்கு 1,512 ரூபாய். பிரேக்கை அழுத்தும் ஒவ்வொரு முறையும் சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயம் சாலையில் விழுகிறது என்று எண்ணிக்கொண்டால், சிக்கன ஓட்டுதலின் முதல் பாடம் எளிதில் மனத்தில் பதியும். எல்லா நிறுத்தங்களையும் தவிர்க்க முடியாது. மூன்றில் ஒன்றைத் தவிர்த்தாலே மாதம் 500 ரூபாய் மிஞ்சும்.

இரண்டாவது கசிவு, நின்றுகொண்டே எஞ்சினை ஓடவிடுவது. ஒரு சிறிய கார் நின்ற நிலையில் ஓடும்போது மணிக்கு அரை லிட்டருக்கும் மேல் எரிபொருளைக் குடிக்கும். குளிர்சாதனம் இயங்கினால் இன்னும் அதிகம். மணிக்கு 0.6 லிட்டர் எனக் கொண்டு, நாளொன்றுக்கு மொத்தம் அரை மணி நேரம் நிற்பதாக வைத்தாலும், மாதம் 7 லிட்டருக்கு மேல். ஏறத்தாழ 750 ரூபாய். இந்தத் தொகைக்கு வண்டி ஓர் அடிகூட நகர்ந்திருக்காது.

சாலையை வாசித்தல்

நல்ல ஓட்டுநர் தனக்கு முன்னால் செல்லும் வண்டியின் பின்விளக்கை மட்டும் பார்ப்பதில்லை. அதற்கும் முன்னால் செல்லும் மூன்று நான்கு வண்டிகளையும், இருநூறு மீட்டர் தொலைவிலுள்ள சிக்னலையும், ஓரத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டிருக்கும் பேருந்தையும் சேர்த்தே பார்க்கிறார். களமசேரியிலிருந்து இடப்பள்ளியை நோக்கி வரும்போது தொலைவில் வாகனங்கள் தேங்கி நிற்பது தெரிகிறது என்றால், அந்தக் கணமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். கியரை மாற்ற வேண்டாம். கிளட்சையும் மிதிக்க வேண்டாம். வண்டி தானாக வேகம் குறைந்துகொண்டே செல்லும்.

இங்கே பலர் அறியாத ஒரு நுட்பம் இருக்கிறது. எரிபொருள் உட்செலுத்து முறையில் இயங்கும் இன்றைய எஞ்சின்களில், வண்டி கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுமையாக விட்டால், கணினிக் கட்டுப்பாடு எரிபொருள் வரத்தையே நிறுத்திவிடும். சக்கரங்களின் சுழற்சியே எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சில விநாடிகளில் வண்டி ஒரு துளி பெட்ரோலும் இன்றி முன்னேறுகிறது. மாறாக நியூட்ரலுக்கு மாற்றினால், எஞ்சின் அணையாதிருப்பதற்காகவே எரிபொருள் செலவாகும். ‘இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் மிச்சம்’ என்னும் பழைய நம்பிக்கை கார்ப்புரேட்டர் காலத்துடன் கழிந்துவிட்டது.

இவ்வாறு மெதுவாக நெருங்கும்போது, நாம் சென்று சேரும் முன்பே வரிசை நகரத் தொடங்கியிருக்கும். முற்றிலும் நிற்காமல், மணிக்கு 10 அல்லது 15 கிலோமீட்டர் வேகத்தில் உருண்டுகொண்டே அதனுடன் சேர்ந்துகொள்ளலாம். நின்ற வண்டியைக் கிளப்புவதற்கும் உருளும் வண்டியை வேகப்படுத்துவதற்கும் இடையிலான வேறுபாடே நாம் சேமிக்கும் பணம்.

இதற்கு இன்றியமையாதது முன்வண்டியுடனான இடைவெளி. ‘இடைவெளி விட்டால் வேறொருவர் நுழைந்துவிடுவாரே’ என்பது எல்லோரும் கூறும் மறுப்பு. நுழையத்தான் செய்வார். ஒரு பயணத்தில் பத்துப் பேர் அவ்வாறு நுழைந்தாலும் நமக்கு ஏற்படும் தாமதம் ஒரு நிமிடத்தைத் தாண்டுவது அரிது. அந்த இடைவெளி பெட்ரோலை மட்டுமன்றி, முன்பக்க பம்பரையும், சில வேளைகளில் உயிரையும் காக்கிறது. சிக்கன ஓட்டுதலும் பாதுகாப்பான ஓட்டுதலும் ஒரே பழக்கத்தின் இரு பெயர்கள். பிரிட்டனில் 2008ஆம் ஆண்டு முதல் ஓட்டுநர் உரிமத் தேர்வின்போதே எரிபொருள் சிக்கனத்தையும் தேர்வாளர் கவனித்துக் கருத்துரைப்பதற்கு இதுவே காரணம்.

கியர், கிளட்ச், நிறுத்தம்

முதல் கியர் வண்டியை நகர்த்துவதற்கு மட்டுமே. வண்டி ஒரு வண்டி நீளம் நகர்ந்ததும் இரண்டாவது கியருக்கு மாறிவிடலாம். பெட்ரோல் கார்களில் பொதுவாக எஞ்சினின் சுழற்சி நிமிடத்திற்கு 2,000ஐ ஒட்டி இருக்கும்போதே அடுத்த கியருக்குச் செல்வது நல்லது. எஞ்சின் திணறி அதிரும் அளவுக்கு உயர்ந்த கியரில் இழுப்பதும் தவறு. அலறும் அளவுக்குத் தாழ்ந்த கியரில் விரட்டுவதும் தவறு.

நெரிசலில் களைத்த ஓட்டுநர்கள் கிளட்ச் மிதியின் மேலேயே இடக்காலை வைத்துக்கொள்வது வழக்கம். அரைகுறையாக அழுந்திய கிளட்ச் ஆற்றலை உராய்வில் வீணாக்குகிறது, தகட்டையும் தேய்க்கிறது. மேம்பால ஏற்றங்களில் கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலரேட்டரால் வண்டியைத் தாங்கி நிற்பது இன்னும் மோசம். கைப்பிரேக்கைப் பயன்படுத்துவதே முறை. ஒரு கிளட்ச் தொகுதியை மாற்றும் செலவு, பல மாதச் சேமிப்பை ஒரே நாளில் விழுங்கிவிடும்.

சிக்னலில் எஞ்சினை எப்போது அணைப்பது? மீண்டும் கிளப்பத் தேவைப்படும் எரிபொருள், ஏறத்தாழ பத்து விநாடிகள் எஞ்சினை நிறுத்தாமல் ஓடவிடும் செலவுக்குச் சமம் என்பது வல்லுநர் கணிப்பு. ஆயினும் பத்து விநாடிக்கெல்லாம் அணைத்து எரிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. சிக்னலில் விநாடிகளைக் காட்டும் பலகை இருந்து, அதில் 30 விநாடிக்கு மேல் எஞ்சியிருந்தால் அணைக்கலாம். எண் ஐந்தை எட்டும்போது மீண்டும் கிளப்பினால் பின்னாலிருப்பவர் ஒலிப்பானைத் தொட வேண்டியிராது. தானே அணைந்து தானே இயங்கும் வசதி வண்டியில் இருந்தால், அதை முடக்கி வைக்காமல் பயன்படுத்துவது நன்று. டெல்லியில் 2020 அக்டோபரில் அரசே ‘சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை அணை’ என்னும் பரப்புரையைத் தொடங்கியது. அங்கு முதன்மை நோக்கம் காற்று மாசைக் குறைப்பது; மக்களின் பணம் மிஞ்சியது உடன் விளைவு.

வேகம் தரும் மாயை

ஆலுவாவுக்கும் களமசேரிக்கும் இடையே சில வேளைகளில் சாலை திறந்து கிடக்கும். இழந்த நேரத்தை அங்கே ஈடுகட்டிவிட வேண்டும் என்று கால் தானாக அழுந்தும். கணக்கைப் பாருங்கள். 5 கிலோமீட்டர் தொலைவை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 6 நிமிடங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் 5 நிமிடங்கள். ஈட்டியது ஒரே நிமிடம். அதையும் அடுத்த சிவப்பு விளக்கு திரும்பப் பெற்றுக்கொள்ளும்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப உயரும். 50 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளதைவிட 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த எதிர்ப்பு இரண்டரை மடங்குக்கும் அதிகம். 1973இல் எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கியபோது, அமெரிக்கா நாடு முழுவதும் நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலாக வரம்பிட்டது இந்த இயற்பியலை நம்பித்தான். நம் நாட்டில் அதே பத்தாண்டில் உருவான பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வரையிலான சீரான வேகத்தையே சிக்கனமானது என்று தொடர்ந்து வலியுறுத்தி வருகிறது. கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்திற்கும் மேல் இறக்குமதி செய்யும் நாட்டில், இது தனி ஒருவரின் சிக்கனம் மட்டுமன்று. அந்நியச் செலாவணியைக் காக்கும் செயலும் ஆகும்.

குளிர்சாதனமும் காற்றழுத்தமும்

கொச்சியின் புழுக்கத்தில் குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு வியர்வையில் நனையுங்கள் என்று எவரும் கூற இயலாது. ஆனால் சில எளிய வழிகள் உள்ளன. வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி, இரண்டு நிமிடம் ஓட்டி, உள்ளே தேங்கிய வெப்பக் காற்றை வெளியேற்றிவிட்டுக் குளிர்சாதனத்தை இயக்கலாம். உள்காற்றையே சுழற்றும் நிலையில் வைத்து, 24 அல்லது 25 பாகை போதுமென்று கொள்ளலாம். மழைக்காலத்தில் கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்கக் குளிர்சாதனம் தேவை. அங்கே சிக்கனம் பார்க்கலாகாது.

டயரின் காற்றழுத்தத்தை இரு வாரங்களுக்கு ஒருமுறை, வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன்பு சரிபார்க்க வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டிய சட்டத்தில் ஒட்டப்பட்டுள்ள அளவே சரியானது. அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் அளவுக்கே குறையும் என்பதால் பலர் அலட்சியம் செய்கின்றனர். ஆனால் அழுத்தம் குறைந்த டயர் விரைவில் தேயும். மழை நீர் தேங்கிய சாலையில் பிடிமானமும் குறையும். மாதக்கணக்கில் பின்பெட்டியில் கிடக்கும் தேவையற்ற சுமையையும், கூரையின் மீதுள்ள வெற்றுச் சட்டத்தையும் அகற்றிவிடுவது நல்லது.

எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றியும் ஒரு சொல். பெட்ரோலைவிட எத்தனாலில் லிட்டருக்கான ஆற்றல் குறைவு. இருபது சதவீதக் கலவையால், அதற்கென வடிவமைக்கப்படாத நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. ஆகவே மூன்றாண்டுகளுக்கு முந்தைய மைலேஜுடன் இன்றையதை ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம். சென்ற மாதத்துடன் இந்த மாதத்தை ஒப்பிடுவதே நியாயமான அளவுகோல்.

இவற்றைச் செய்யாதீர்கள்

சிக்கனத்தின் பெயரால் சிலர் ஆபத்தான உத்திகளைக் கையாளுகின்றனர். ஓடும் வண்டியின் எஞ்சினை மேம்பால இறக்கத்தில் அணைப்பது அவற்றுள் முதன்மையானது. எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வெற்றிட விசை சில அழுத்தங்களிலேயே தீர்ந்துவிடும், ஸ்டீயரிங் கனத்துவிடும், சாவியைக் கூடுதலாகத் திருப்பினால் அது பூட்டிக்கொள்ளவும் கூடும். காற்றின் எதிர்ப்பைக் குறைக்கக் கனரக லாரியின் பின்னால் ஒட்டிச் செல்வது அதற்கு இணையான அறியாமை. அழுத்தம் கூடினால் மைலேஜ் கூடும் என்று டயரில் அளவுக்கு மீறிக் காற்றடைப்பதும் வேண்டா. மழைநாளில் நீர் தேங்கிய சாலையைக் குறுக்குவழி என்று எண்ணி இறங்குவதும் அவ்வாறே. எஞ்சினுக்குள் நீர் புகுந்தால் ஏற்படும் பழுதை, அதற்கெனத் தனிக் காப்பு எடுத்திராத சாதாரண வாகனக் காப்பீடு ஏற்காது போகலாம். உங்கள் காப்பீட்டு ஆவணத்தில் எஞ்சின் பாதுகாப்புப் பிரிவு உள்ளதா என்பதை மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இருசக்கர வாகன ஓட்டிகளுக்கும் இவையெல்லாம் பொருந்தும். சங்கிலியின் தளர்வையும் எண்ணெய்ப் பசையையும் கவனிப்பது, காற்று வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுவது, நிறுத்தத்தில் எஞ்சினை அணைப்பது ஆகியவை அவர்களுக்குக் கூடுதல் பயன் தரும். நாள் முழுவதும் சாலையிலேயே கழிக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கோ, மிஞ்சும் ஒவ்வொரு லிட்டரும் அன்றைய வருவாயில் நேரடியாகச் சேரும் தொகை.

டீசல் கார் வைத்திருப்போர் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் ஆறு விதிமுறைக்கு உட்பட்ட டீசல் கார்களில் கரித்துகள் வடிகட்டி உள்ளது. எப்போதும் நெரிசலில் ஊர்ந்துகொண்டே இருந்தால் அதில் கரி அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது திறந்த நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் சில நேரம் ஓட்டினால்தான் அது தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும்.

வழியைத் தேர்ந்தெடுத்தல்

குறைந்த தொலைவே குறைந்த செலவு என்று கூறிவிட முடியாது. நிற்காமல் செல்லும் 35 கிலோமீட்டர், நின்று நின்று செல்லும் 30 கிலோமீட்டரைவிடச் சிக்கனமாக அமையலாம். இடப்பள்ளியிலிருந்து நகருக்குள் நுழையாமல் புறவழிச்சாலையில் வைற்றிலா, குண்டன்னூர் சென்று, அங்கிருந்து வில்லிங்டன் தீவை அடைவது ஒரு வழி. 2021 ஜனவரியில் வைற்றிலா, குண்டன்னூர் மேம்பாலங்களும், அதே ஆண்டு மார்ச்சில் சீரமைக்கப்பட்ட பாலாரிவட்டம் மேம்பாலமும் திறக்கப்பட்டபின் இவ்வழியின் சில தடைகள் நீங்கின.

களமசேரியிலிருந்து வல்லார்பாடம் செல்லும் கண்டெய்னர் சாலை மற்றொரு வழி. அதன்மூலம் வைப்பினை அடைந்து, 2018 முதல் இயங்கும் ரோ-ரோ படகில் வண்டியுடன் ஏறிக் கோட்டைக் கொச்சியில் இறங்கினால் மட்டாஞ்சேரி அருகிலேயே உள்ளது. படகு செல்லும் நேரம் முழுவதும் எஞ்சின் அணைந்திருக்கும். சுங்கக் கட்டணம், படகுக் கட்டணம், படகுத்துறையின் காத்திருப்பு ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொரு வழியிலும் ஒரு வாரம் சென்று, பெட்ரோலையும் நேரத்தையும் குறித்துப் பார்த்தால் உங்கள் புறப்பாட்டு நேரத்திற்கு எது ஏற்றது என்பது விளங்கிவிடும். பல வேளைகளில், வழியை மாற்றுவதைவிட இருபது நிமிடம் முன்னதாகப் புறப்படுவதே பெரிய சேமிப்பாக அமையும்.

எல்லாவற்றினும் மேலான சிக்கனம், வண்டியை எடுக்காமலிருப்பது. 2017 ஜூன் 17 அன்று ஆலுவா முதல் பாலாரிவட்டம் வரை ஓடத் தொடங்கிய கொச்சி மெட்ரோ, 2024 மார்ச்சில் திருப்பூணித்துறையை எட்டியது. 28 கிலோமீட்டர், 25 நிலையங்கள். அவ்வாண்டு இறுதி நிலையம் திறக்கப்பட்டபோது ஆலுவாவிலிருந்து அங்கு வரை நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் 60 ரூபாய். 2023 ஏப்ரலில் தொடங்கிய நீர்வழி மெட்ரோவின் மின்கலப் படகுகள், 2025 அக்டோபர் முதல் மட்டாஞ்சேரிக்கும் வருகின்றன. ஆலுவாவில் மெட்ரோ ஏறி, நகர மையத்தில் இறங்கி, உயர்நீதிமன்றப் படகுத்துறைக்குச் சென்று, காயலின் காற்றை முகத்தில் வாங்கியபடி மட்டாஞ்சேரியில் இறங்கலாம்.

மாதத்தில் எட்டு நாட்கள் இவ்வாறு சென்றால் 480 கிலோமீட்டர் மிச்சம். லிட்டருக்கு 13.5 கிலோமீட்டர் கணக்கில் ஏறத்தாழ 3,730 ரூபாய். போக வர நாளொன்றுக்கு 200 ரூபாய் செலவானாலும், கட்டணம் 1,600 ரூபாய் போக இரண்டாயிரத்துக்கு மேல் மிஞ்சும்.

புதிய வண்டி வாங்கிவிடலாமா?

மைலேஜ் அதிகம் தரும் புதிய வண்டியை வாங்கினால் செலவு குறையாதா என்று கேட்பவர்கள் உண்டு. வங்கியின் இதழிலேயே இதற்கு நேர்மையாக விடை கூற வேண்டும். 8 லட்சம் ரூபாய்க் கடனை 9 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுகளுக்குப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 12,870 ரூபாய். நமது எடுத்துக்காட்டில் மாதப் பெட்ரோல் செலவே 12,600 ரூபாய்தான். எனவே நல்ல நிலையிலுள்ள வண்டியை மைலேஜ் ஒன்றுக்காக மட்டும் மாற்றுவது கணக்குக்கு ஒத்துவராது. வண்டி பழையதாகி எப்படியும் மாற்ற வேண்டிய நிலை வந்தால், அப்போது மின்வாகனத்தையும் கலப்பின வாகனத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிரேக் பிடிக்கும்போது இழக்கும் ஆற்றலின் ஒரு பகுதியை மீண்டும் மின்கலத்தில் சேர்த்துக்கொள்வதால், நெரிசலே அவற்றின் பலம் வெளிப்படும் இடம்.

ஒரு சிறு குறிப்பேடு

இறுதியாக, அளக்காத எதையும் சேமிக்க முடியாது. இன்றே ஒரு சிறு குறிப்பேட்டை வண்டியில் வையுங்கள். தொட்டியை முழுவதும் நிரப்பி ஓடோமீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் முழுவதும் நிரப்பி, நிரப்பிய லிட்டரையும் ஓடிய கிலோமீட்டரையும் எழுதுங்கள். ஓடிய தொலைவை நிரப்பிய அளவால் வகுத்தால் உண்மையான மைலேஜ் கிடைக்கும். முதல் மாதம் வழக்கம்போல் ஓட்டுங்கள். இரண்டாம் மாதம் இக்கட்டுரையில் கண்டவற்றுள் மூன்றை மட்டும், அதாவது முன்கூட்டியே காலை எடுப்பது, நீண்ட நிறுத்தத்தில் அணைப்பது, டயரின் காற்றைச் சரிபார்ப்பது ஆகியவற்றை மட்டும் கடைப்பிடியுங்கள். வேறுபாட்டைக் குறிப்பேடே சொல்லும்.

மிஞ்சிய தொகை கணக்கிலேயே கிடந்தால் அது வேறு ஏதேனும் ஒரு செலவில் கரைந்துவிடும். மாதம் 1,400 ரூபாயைத் தொடர் வைப்பில் செலுத்திவந்தால், ஆண்டுக்கு 6.5 சதவீத வட்டி, காலாண்டுக்கு ஒருமுறை கூட்டு என்னும் கணக்கில், ஐந்தாண்டுகளில் செலுத்திய 84,000 ரூபாய் ஏறத்தாழ 99,000 ரூபாயாக வளரும். அதே காலத்தில் 800 லிட்டர் பெட்ரோல் எரிக்கப்படாமல் மிஞ்சியிருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் என்பதால், 1,800 கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயு பெரியாற்றங்கரைக் காற்றில் கலக்காமல் தடுக்கப்பட்டிருக்கும்.

நாளை காலை இடப்பள்ளியில் சிவப்பு விளக்கு தொலைவில் தெரியும்போது, காலைச் சற்று முன்னதாக எடுத்துப் பாருங்கள். பின்னாலிருப்பவர் ஒருவேளை முந்திச் செல்லக்கூடும். அடுத்த சிக்னலில் அவர் உங்கள் அருகிலேயே நின்றுகொண்டிருப்பார்.